வால்டர் டல்லுக்கு எதற்கு இன்னொரு பதக்கம்?

மார்ச் மாதம் பிறந்தால் நம் ஆய்வாளர் வட்டங்களில் ஒரு படம் வலம்வரத் தொடங்குகிறது. இராணுவ அதிகாரியின் சீருடை அணிந்த கறுப்பின இளைஞர் ஒருவரின் படம். அதன்கீழ் ஏறத்தாழ மாறாத மூன்று செய்திகள்: பிரித்தானியப் படையின் முதல் கறுப்பின அதிகாரி, இங்கிலாந்தின் முதல் பிரிவுக் கால்பந்தில் கோல்காப்பாளராக அன்றிக் களத்தில் ஆடிய முதல் கறுப்பினத்தவர், தாய்நாட்டுக்காக உயிர்த்தியாகம் செய்தவர். படத்தில் இருப்பவர் வால்டர் டல். வடபுலத்துப் பல்கலைக்கழகம் ஒன்று அண்மையில் நடத்திய இணையவழிக் கருத்தரங்கில் விளையாட்டும் தேசமும் குறித்த அமர்வு இந்தப் படத்தோடுதான் தொடங்கிற்று; அவருக்கு இராணுவச் சிலுவைப் பதக்கம் மறுக்கப்பட்டது வரலாற்றின் பேரநீதி என்ற ஒருமித்த ஒப்புதலோடு முடிந்தது. கேள்விகளுக்கு நேரம் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுமையுள்ளோர் படிக்க.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரித்தானியப் பேரரசு தன் கறுப்பு, பழுப்புக் குடிகளின் வீரத்தைப் பாராட்டப் பெரிதாகத் தயங்கியதில்லை. அது தயங்கியது, சட்டமெழுதித் தடுத்தது, அவர்கள் வெள்ளையருக்கு ஆணையிடுவதை. டல்லின் வாழ்க்கையை இவ்வளவு முக்கியமாக்குவது அந்தத் தடைதான். பதக்கம் கேட்கும் இயக்கம் அந்தத் தடையைக் கதையின் பின்புறத்துக்குத் தள்ளி, பேரரசு எப்போதும் கொடுக்க ஆயத்தமாக இருந்த ஒன்றை இன்னொரு முறை கேட்கிறது. விளையாட்டு வரலாற்றை ஆய்வுப் புலமாக எடுத்துக்கொண்ட நாம் அதற்குப் பின்பாட்டுப் பாடலாகாது.

செய்திகளை வரிசைப்படுத்திக்கொள்வோம். டல் 1888 ஏப்ரல் 28 அன்று கென்ட் மாவட்டத்தின் ஃபோக்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை டேனியல், பார்படோசிலிருந்து வந்த தச்சர். அத்தீவில் அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழிவந்தவர். தாய் ஆலிஸ் பால்மர், கென்ட்டைச் சேர்ந்த ஆங்கிலப் பெண். 1895இல் தாய் இறந்தார். 1897இல் தந்தையும் இறந்தார். அடுத்த ஆண்டு வால்டரும் அண்ணன் எட்வர்டும் இலண்டனின் பெத்னல் கிரீனில் இருந்த மெதடிஸ்ட் அநாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். எட்வர்டை கிளாஸ்கோவைச் சேர்ந்த ஒரு குடும்பம் தத்தெடுத்தது. அவர் பின்னாளில் பல்மருத்துவரானார். வால்டர் இல்லத்திலேயே வளர்ந்து அச்சுத்தொழில் பழகினார். 1908இல் கிளாப்டன் என்னும் தொழில்முறை சாராத அணியில் சேர்ந்து ஒரே பருவத்தில் பெயர்பெற்றார். 1909இல் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அவரை ஒப்பந்தம் செய்து, அக்கோடையில் அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் சென்ற பயணத்தில் உடன் அழைத்துச் சென்றது.

'முதல்' என்னும் அடைமொழி அவருடைய கால்பந்து வாழ்வுக்கே பொருந்தாது. 1890களில் ஷெஃபீல்டு யுனைடெட் அணிக்காக முதல் பிரிவில் ஆடிய ஆர்தர் வார்ட்டன் கானாவில் பிறந்தவர். அவர் கோல்காப்பாளர் என்பதால்தான் 'களத்தில் ஆடிய' என்ற ஒட்டை இந்த அடைமொழியில் சேர்த்துக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அதுவும் நிற்கவில்லை: கயானா வழிவந்த வில்லி கிளார்க் 1901இலேயே ஆஸ்டன் வில்லாவின் முன்வரிசையில் ஆடியிருக்கிறார். இவை மறைக்கப்பட்ட செய்திகள் அல்ல. யாரும் புரட்டிப்பார்க்கவில்லை, அவ்வளவே.

1909 அக்டோபரில் பிரிஸ்டலில் நடந்த ஆட்டத்தில் கூட்டத்தின் ஒரு பகுதி டல்லை நிறத்தைச் சொல்லி வசைபாடியது. ஓர் இலண்டன் விளையாட்டிதழின் செய்தியாளர் அந்த வசையைக் கண்டித்தும், அதைத் தாங்கிக்கொண்டு ஆடிய டல் வெள்ளை ஆட்டக்காரர் அனைவருக்கும் முன்மாதிரி என்று புகழ்ந்தும் எழுதினார். நல்லெண்ணத்தில் எழுதப்பட்டதுதான். ஆயினும் கவனியுங்கள்: பாராட்டு எதற்கு? பொறுத்துக்கொண்டதற்கு. வசைபாடியவர்கள் அடுத்த வாரமும் அதே படிக்கட்டுகளில் நின்றிருப்பார்கள். டல்லோ சிறிது காலத்தில் முதல் அணியிலிருந்து ரிசர்வ் அணிக்கு இறக்கப்பட்டார். டாட்டன்ஹாமுக்காக லீக்கில் அவர் ஆடியவை மொத்தம் 10 ஆட்டங்கள், அடித்தவை 2 கோல்கள். 1911 அக்டோபரில் நார்தாம்ப்டன் டவுனுக்கு மாற்றப்பட்டார். அங்கே ஹெர்பர்ட் சாப்மன் என்ற இளம் மேலாளரின்கீழ் சுமார் 110 முதல் அணி ஆட்டங்கள் ஆடினார். சாப்மன் பின்னாளில் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் உருவாக்கியவர். ஆட்டக்காரரின் தரம் அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி 'தியாகம்'. இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குச் சற்று அச்சமாகவே இருக்கிறது. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது கால்பந்துப் பருவம் நிறுத்தப்படவில்லை. கிரிக்கெட்டும் ரக்பியும் ஓய்ந்த பிறகும் தொழில்முறைக் கால்பந்து தொடர்ந்தது. உடனே மேட்டுக்குடியின் முழுச்சினமும் அதன்மீது திரும்பிற்று. நாளிதழ்களில் பேராசிரியர்களும் பாதிரிமாரும் கடிதம் எழுதினார்கள். எடின்பரோவின் ஹார்ட்ஸ் அணி தன் பெயரையே கோழையின் சின்னமான வெள்ளை இறகைக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு நாளிதழில் கேலி வந்தது. யார்மீது இந்தச் சினம்? 1901 முதல் வாரத்துக்கு நான்கு பவுண்டுக்கு மேல் பெறக்கூடாது, பின்னர் ஐந்து பவுண்டு வரை பெறலாம் என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டிருந்த கூலியாட்கள்மீது. அணி விடுவித்தாலன்றி வேறோர் அணிக்குப் போக முடியாதபடி கட்டுண்ட தொழிலாளர்மீது. 1909இல் சங்கம் அமைத்துப் போராடியதற்காக மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்களை இடைநீக்கம் செய்த அதே கால்பந்து நிர்வாகம், ஐந்து ஆண்டுகள் கழித்து அவர்களிடம் நாட்டுப்பற்றைச் சான்றுகாட்டக் கேட்டது.

1914 டிசம்பர் 15 அன்று ஃபுல்ஹாம் நகர மன்றத்தில் கூடிய கூட்டத்தில் மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டின் 17ஆம் பட்டாலியன், மக்கள் வழக்கில் கால்பந்துப் பட்டாலியன், உருவாயிற்று. டல் அம்மாதமே சேர்ந்தார். சேர்ந்தவர்களுக்குச் சனிக்கிழமைகளில் தத்தம் அணிக்காக ஆட விடுப்பு வழங்கப்பட்டது. ஒப்பந்தம் தீரும் வரை அணிக்குரிய உழைப்பு அணிக்கு, மீதி மன்னருக்கு. வசைக்கும் வறுமைக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே ஒரு தொழிலாளி எடுத்த முடிவைத் தியாகம் என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது, அவரைப் படைக்குத் தள்ளிய அத்தனை கைகளையும் துடைத்துச் சுத்தமாக்குவதாகும். அவர் விரும்பிச் சேர்ந்திருக்கலாம். விருப்பம் எந்தச் சூழலில் பிறந்தது என்று கேட்பது வரலாற்று மாணவரின் வேலை.

அந்தப் பட்டாலியனை எழுப்ப முன்னின்றவர் வில்லியம் ஜாய்ன்சன்-ஹிக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர். இந்தப் பெயரை நம் மாணவர்கள் வேறோர் இடத்தில் சந்தித்திருப்பார்கள். 1924 முதல் 1929 வரை பிரித்தானிய உள்துறை அமைச்சராக இருந்தவர் அவர். 1925இல் அவருடைய துறை வெளியிட்ட ஆணை, வெள்ளையரல்லாத கடலோடிகள் தாம் பிரித்தானியக் குடிகள் என்பதை ஆவணம் காட்டி நிறுவாவிட்டால் அந்நியராகப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்றது. பேரரசின் குடிகளாகப் பிறந்த மேற்கிந்தியரும் ஆப்பிரிக்கரும் அரபியரும் நம் இந்தியக் கடலோடிகளும் அதன்படி துறைமுக நகரங்களில் ஒரே இரவில் அந்நியராயினர். 1914இல் டல் சேர்ந்த பட்டாலியனுக்கு ஆள்திரட்டிய அதே கைதான். டல்லின் தந்தையைப் போல மேற்கிந்தியத் தீவொன்றிலிருந்து கடல்கடந்து வந்து, சட்டைப்பையில் தாள் இல்லாமல் கார்டிஃப் துறைமுகத்தில் நின்ற ஒருவருக்கு அந்தக் கை என்ன கொடுத்தது என்பதை நம் கருத்தரங்குகள் பேசட்டும்.

1915 நவம்பரில் டல் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அதற்குள் சார்ஜென்ட் ஆகியிருந்தார். 1916 மே மாதத்தில் கடும் மனக்கொந்தளிப்பு என்ற மருத்துவக் குறிப்புடன் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். குண்டதிர்ச்சி என்று அந்நாளில் வழங்கப்பட்ட நிலையை ஒத்தது இது. சுவரொட்டிகளில் இது இராது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் மீண்டும் சோம் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். டிசம்பரில் அகழிக் காய்ச்சலோடு மறுபடியும் திரும்பினார். உடலும் மனமும் இருமுறை உடைந்த ஒருவரைத்தான் அடுத்து அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்காட்லாந்தின் கெயில்ஸ் முகாமில் பயிற்சி முடித்து 1917 மே 30 அன்று இரண்டாம் லெப்டினன்ட்டாக நியமனம் பெற்றார்.

இவ்விடத்தில்தான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். அக்காலத்தில் அதிகாரி நியமனத்துக்கு விண்ணப்பிப்பவர் தூய ஐரோப்பிய வம்சாவளியினராக இருத்தல் வேண்டும் என்பது இராணுவத்தின் எழுதப்பட்ட நிபந்தனை. விண்ணப்பப் படிவத்திலேயே அந்தக் கேள்வி இருந்தது. ஜமைக்காவில் பிறந்த ஜார்ஜ் பெமண்ட் அதற்கு 'ஆம்' என்று எழுதி 1915 மேயில் பீரங்கிப் படையில் அதிகாரியானார். அதே தீவின் டேவிட் கிளெமெட்சன் 'இல்லை' என்று உண்மையை எழுதியும் அதே ஆண்டில் நியமனம் பெற்றார். இவ்விருவருக்கும் முன்பே, 1914 செப்டம்பரில், கிங்ஸ்டனைச் சேர்ந்த யூவன் லூசி-ஸ்மித் ராயல் வாரிக்ஷயர் ரெஜிமென்ட்டில் அதிகாரி. 1915 ஏப்ரலில் ஈப்ர் அருகே கொல்லப்பட்டார். பெமண்ட் 1916 டிசம்பரிலும் கிளெமெட்சன் 1918 செப்டம்பரிலும் இறந்தார்கள். ஆக, 'முதல் கறுப்பின அதிகாரி' என்ற பட்டம் டல்லுக்கு உரியதன்று. இதைச் சொன்னால் அவரைச் சிறுமைப்படுத்துவதாகச் சிலர் கொதிக்கிறார்கள். எனக்கு அது விளங்கவில்லை.

மாறாக, இந்த ஒப்பீடு டல்லின் தனித்தன்மையைத் துலக்குகிறது. லூசி-ஸ்மித்தும் கிளெமெட்சனும் ஜமைக்காவின் வசதிபடைத்த குடும்பத்துப் பிள்ளைகள். இங்கிலாந்தின் உயர்குடிப் பள்ளிகளில் படித்தவர்கள். கிளெமெட்சன் கேம்பிரிட்ஜ் மாணவரும் கூட. விதியின் கண்ணை வர்க்கம் மறைத்தது. டல்லுக்கு அத்தகைய திரை இல்லை. அநாதை இல்லத்தில் வளர்ந்த அச்சுத் தொழிலாளி, நாளிதழில் படம் வந்த ஆட்டக்காரர், நிறம் ஊரறிந்த செய்தி. அவர் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக மேலேறியவர். அவரைப் பரிந்துரைத்த மேலதிகாரிகள் கண்ணைத் திறந்துகொண்டே விதியை மீறினார்கள். ஏன் மீறினார்கள்? சோமில் அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் மாண்டிருந்தனர். பள்ளிக் கழுத்துப்பட்டிகளின் இருப்பு தீர்ந்துபோயிற்று. 1916 முதல் படைவரிசையிலிருந்தே அதிகாரிகளைப் பொறுக்கி எடுக்கும் முறை வந்தது. டல்லின் திறமையில் ஐயமில்லை. ஆனால் அவருக்கு வழிவிட்டது பற்றாக்குறை. விதி நீக்கப்படவில்லை.

இந்திய மாணவர்களுக்கு இது எளிதில் புரியும், ஏனெனில் இதே சுவர் நம் பக்கத்திலும் இருந்தது. விக்டோரியா சிலுவை இந்தியச் சிப்பாய்களுக்கு 1911இல் திறந்துவிடப்பட்டது. 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தில் காட்டிய தீரத்துக்காக குதாதாத் கான் அதைப் பெற்றார். பேரரசின் உச்சப் பதக்கம் நமக்கு வந்து சேர்ந்துவிட்டது. மன்னரின் ஆணைபெற்ற அதிகாரிப் பதவி வரவில்லை. இருபது ஆண்டு சேவையும் மார்பு நிறையப் பதக்கமும் கொண்ட ஒரு சுபேதார் மேஜர், நேற்று வந்திறங்கிய பத்தொன்பது வயது வெள்ளை லெப்டினன்ட்டுக்குக் கீழ்தான். 1917 ஆகஸ்டில், டல்லின் நியமனத்துக்கு மூன்றே மாதம் பின்னர், அந்தத் தடை முதன்முதலாகத் தளர்ந்தது. அப்போதும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்கே அது கிடைத்தது. பதக்கத்தை முதலில் கொடுத்தார்கள், ஆணையிடும் உரிமையை ஆறாண்டு கழித்துக் கிள்ளிக் கொடுத்தார்கள். இந்த வரிசைமுறை தற்செயலா? பதக்கம் ஒரு மனிதனின் மார்போடு நின்றுவிடும். ஆணையிடும் உரிமையோ நாற்பது வெள்ளையர் அவனுக்கு வணக்கம் வைக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தும்.

இத்தாலிக்கு வருவோம். 1917 இறுதியில் டல்லின் பட்டாலியன், மிடில்செக்ஸின் 23ஆம் பட்டாலியன், இத்தாலியப் போர்முனைக்கு மாற்றப்பட்டது. 1918 ஜனவரித் தொடக்கத்தில் பியாவே ஆற்றைக் கடந்து எதிரியின் நிலைமீது நடந்த இரவுத் தாக்குதலில் டல் 26 பேரை வழிநடத்திச் சென்று ஒருவரையும் இழக்காமல் மீட்டுவந்தார். மேஜர் ஜெனரல் லாஃபர்டு அவருடைய தீரத்தையும் நிதானத்தையும் எழுத்தில் பாராட்டினார். இத்தாலியின் வடக்கில் நடந்தது இது.

அதே ஆண்டு டிசம்பரில், அதே இத்தாலியின் தென்கோடியில், டாரண்டோ துறைமுகத்தில் பிரித்தானிய மேற்கிந்திய ரெஜிமென்ட் நின்றது. 1915இல் உருவான அந்த ரெஜிமென்ட்டில் சுமார் 15,600 பேர் சேர்ந்திருந்தார்கள். டல்லின் தந்தை பிறந்த பார்படோசிலிருந்தும் ஜமைக்கா, டிரினிடாட், கயானாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோருக்குக் கிடைத்த வேலை குண்டு சுமப்பது, பாதை வெட்டுவது, கப்பலில் சரக்கேற்றுவது. அதிகாரிகள் வெள்ளையர். 1918இல் பிரித்தானியச் சிப்பாய்களுக்கு வழங்கிய ஊதிய உயர்வு, இவர்கள் 'சுதேசிகள்' என்று கூறி மறுக்கப்பட்டது. போர் முடிந்த பின்னர் டாரண்டோவில் இத்தாலியத் தொழிலாளர்களின் கழிப்பிடங்களைக் கழுவச் சொன்னார்கள். டிசம்பர் 6 அன்று அவர்கள் பணிய மறுத்தனர். கலகம் ஒடுக்கப்பட்டது, ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார், பலர் சிறைக்குச் சென்றார்கள். சில நாளில் அந்த முகாமின் சார்ஜென்ட்கள் இரகசியமாகக் கூடிக் கரிபியன் லீக் என்ற அமைப்பைத் தொடங்கினர். கரிபியர் தம்மைத் தாமே ஆளவேண்டும் என்பது அங்கே பேசப்பட்டது.

பியாவேயும் டாரண்டோவும் ஒரே நாட்டில், ஒரே ஆண்டுக்குள். ஓரிடத்தில் கறுப்பு சார்ஜென்ட் ஒருவர் அதிகாரியாகிப் பாராட்டுப் பெறுகிறார். இன்னோரிடத்தில் கறுப்பு சார்ஜென்ட்கள் கழிப்பிடம் கழுவ மறுத்து அரசியல் பேசுகிறார்கள். இவ்விரண்டையும் சேர்த்து வைத்தால்தான் விதி தெரியும். ஒன்றை மட்டும் வைத்தால் விதிவிலக்கு மட்டுமே தெரியும். நம் கருத்தரங்குகள் ஆண்டுதோறும் விதிவிலக்குக்கே மாலை போடுகின்றன. டாரண்டோவைப் பற்றி ஒரு சுவரொட்டிகூட எனக்கு வந்ததில்லை.

டல் 1918 மார்ச் 25 அன்று, ஜெர்மானியரின் வசந்தகாலத் தாக்குதலின்போது, வடபிரான்சில் ஃபாவ்ரேய் என்ற ஊரருகே கொல்லப்பட்டார். வயது 29, முப்பது நிறைய ஒரு மாதம் இருந்தது. பின்வாங்கிக்கொண்டிருந்த படையினர் அவர் உடலைத் தூக்கிவர முயன்றார்கள். முன்னாள் லெஸ்டர் ஃபாஸ் கோல்காப்பாளர் பில்லிங்ஹாம் அவர்களுள் ஒருவர். முடியவில்லை. உடல் கிடைக்கவேயில்லை. அராஸ் நினைவுச் சுவரில், கல்லறையற்ற ஏறத்தாழ 35,000 பெயர்களுள் ஒன்றாக அவர் பெயர் இருக்கிறது. அவருடைய ஆணைக்குக் கீழிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் குண்டுமழையில் அவரைச் சுமக்க முயன்றார்கள் என்பது, வெள்ளையர் கறுப்பரின் ஆணையை ஏற்கமாட்டார்கள் என்ற அந்த விதியின் முழு அடிப்படையையும் உடைக்கும் சான்று. இதைவிட வலிய ஆவணம் ஒன்று வேண்டுமா? இதைத்தான் நாம் பாடத்தில் வைக்கவேண்டும். கண்ணீர் வரவழைக்கும் காட்சியாக அன்று, ஒரு கொள்கைக்கு எதிரான சாட்சியமாக.

பதக்கக் கோரிக்கைக்கு வருகிறேன். டல் இறந்த பின்னர் உடன்பணிபுரிந்த அதிகாரி ஒருவர் அண்ணன் எட்வர்டுக்கு எழுதிய கடிதத்தில், அவர் இராணுவச் சிலுவைக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தார் என்ற செய்தி இருக்கிறது. கோரிக்கையின் ஆணிவேர் இக்கடிதமே. ஃபில் வாசிலி போன்ற ஆய்வாளர்கள் பல்லாண்டு உழைத்து டல்லை மறதியிலிருந்து மீட்டார்கள். அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். 1999இல் நார்தாம்ப்டன் அணியின் விளையாட்டரங்கருகே நினைவிடம் எழுந்தது. மைக்கேல் மார்பர்கோ டல்லின் வாழ்வைத் தழுவி எழுதிய சிறார் நாவலின் தலைப்பிலேயே பதக்கம் வந்துவிட்டது. 2014இல் அரசு நாணயச்சாலை அவர் உருவம் பொறித்த நாணயம் வெளியிட்டது. 2018இல் நூற்றாண்டையொட்டி நூற்றுக்கும் மேற்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் பதக்கம் வழங்குமாறு பிரதமர் தெரசா மேக்கு எழுதினார்கள். டேவிட் லாமி அதற்கு முன்னின்றார்.

அந்த இளவேனிலில் இங்கிலாந்தில் வேறென்ன நடந்துகொண்டிருந்தது என்பதை மறந்துவிட்டோமா? விண்ட்ரஷ் விவகாரம் வெடித்தது அதே 2018 ஏப்ரலில். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சிறுவயதில் வந்து, ஐம்பது ஆண்டு உழைத்து வரி கட்டிய முதியவர்கள், ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் வேலை இழந்தார்கள், மருத்துவம் மறுக்கப்பட்டார்கள், சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களுடைய வருகையை நிறுவக்கூடிய இறங்குசீட்டுகளை உள்துறையே 2010இல் அழித்திருந்தது. 1925இல் தாள் காட்டு என்றது எந்தத் துறையோ அதே துறை. உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் அம்மாத இறுதியில் பதவி விலகினார். லாமி இவ்விரண்டு களத்திலும் நின்றவர் என்பதை நேர்மையோடு சொல்லவேண்டும். ஏப்ரல் 16 அன்று அவையில் அவர் ஆற்றிய உரை அந்த அரசை உலுக்கியது. ஆனால் பதக்கக் கடிதத்தைப் பகிர்ந்த நம்மவர்களுள் எத்தனை பேர் அந்த உரையைப் பகிர்ந்தார்கள்? பார்படோஸ்காரரின் மகனுக்கு மார்ச்சில் மலர்வளையம் வைத்த அரசு, பார்படோசிலிருந்து வந்தவர்களுக்கு ஏப்ரலில் கடவுச்சீட்டு கேட்டது. இரண்டும் ஒரே நாட்குறிப்பின் அடுத்தடுத்த பக்கங்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். பள்ளிச் சிறார்க்குக் குறியீடுகள் தேவை. பதக்கம் ஒரு குறியீடு. நிறவெறியால் மறுக்கப்பட்டதை நூறாண்டு கழித்தேனும் வழங்குவது அரசு தன் தவற்றை ஏற்பதாகும் என்பார்கள். இவ்வாதத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, அதே போரில் மருத்துவப் படை அதிகாரியாகப் பணியாற்றிய ஆலன் நோயல் மின்ஸ் என்ற கறுப்பின மருத்துவர் இராணுவச் சிலுவையும் அதனினும் உயர்ந்த சிறப்புப் பணி விருதும் பெற்றவர். ஆகவே பதக்கம் நிறத்துக்குப் பூட்டிய கதவன்று. மற்றொன்று, இராணுவச் சிலுவை 1979 வரை இறந்தோர்க்கு வழங்கப்படாத பதக்கம். டல் உயிரோடு இருக்கும்போதே அப்பரிந்துரை நிறைவேறியிருக்க வேண்டும். மார்ச் 25 வந்ததும் அவ்வழியும் அடைபட்டது. பதக்கம் கிடைக்காததற்குத் தேதியே போதுமான காரணமாகிவிடும். இவ்வளவு வலுவற்ற அடித்தளத்தில் குற்றச்சாட்டைக் கட்டினால், அமைச்சகத்தின் எழுத்தர் ஒருவர் இரண்டு பத்தியில் அதைத் தள்ளுபடி செய்துவிட முடியும். எழுத்தில் இருக்கும் குற்றத்தை, தூய ஐரோப்பிய வம்சாவளி என்ற அந்த நிபந்தனையை, யாராலும் தள்ளுபடி செய்ய இயலாது. கையில் இரும்பு இருக்க மூங்கிலை ஏன் தூக்குகிறோம்?

நம் ஊர்க் கதையோடு இதை ஒட்டிப் பாருங்கள். பல்வாங்கர் பாலூ, தலித் சமூகத்தில் பிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். 1911 கோடையில் இங்கிலாந்து சென்ற அனைத்திந்திய அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். புனேயிலும் பம்பாயிலும் இந்து அணிக்கு அவருடைய பந்து வேண்டியிருந்தது. களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர்கள் தொட்டார்கள். இடைவேளையில் அவருக்குத் தேநீர் கூடாரத்துக்கு வெளியே, தனிக் குவளையில். பாராட்டுக் கூட்டங்கள் நடந்தன, பதக்கங்களும் கிடைத்தன. தலைமைப் பதவி மட்டும் கைக்கு எட்டவில்லை. ஆண்டுக்கணக்கில் கோரிக்கையும் சண்டையும் நடந்து, தம்பிகள் அணியை விட்டே விலகி எதிர்ப்புக் காட்டி, இறுதியில் 1923இல் தம்பி விட்டல்தான் தலைவரானார். பாலூவுக்கு ஒரு பதக்கம் சேர்த்துக் கொடுத்திருந்தால் இந்தச் சண்டை தீர்ந்திருக்குமா? தீர்ந்திராது என்பது விட்டலுக்குத் தெரிந்திருந்தது. நம்முள் பலருக்கு பாலூ விஷயத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. டல் என்றவுடன் கண் பனித்து எல்லாம் மங்கிவிடுகிறது.

அந்த நிறத்தடை எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டல்லின் வீரத்தைக் கண்டு மனமிரங்கி யாரும் அதை நீக்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்ததும் விதி முன்போலவே நின்றது. இரண்டாம் போர் மூண்டபோது, ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் ஹரால்டு மூடியின் மகன் ஆருண்டெல் அதிகாரிப் பதவிக்குச் சென்று அதே நிபந்தனையால் திருப்பியனுப்பப்பட்டார். மூடி, தாம் நிறுவிய நிறத்தோர் சங்கத்தின் வழியே அரசை விடாது நெருக்கினார். 1939 அக்டோபரில் அரசு இறங்கிவந்தது. அதுவும் போர் நடக்கும் காலத்துக்கு மட்டும் என்ற வரம்போடு. ஆருண்டெல் மூடி 1940இல் நியமனம் பெற்றார். டல் இறந்து இருபத்திரண்டு ஆண்டுகள். டல்லை முதல்வர் என்று போற்றும் வாக்கியம், அவருக்குப் பின் கதவு மீண்டும் சாத்தப்பட்டது என்ற செய்தியைத் தன் இலக்கணத்தாலேயே மறைத்துவிடுகிறது. முதல் என்றால் இரண்டும் மூன்றும் தொடர்ந்து வந்திருக்கவேண்டும் அல்லவா?

ஆகவே வரும் பருவத்தில் விளையாட்டு வரலாற்றுத் தாளை நடத்தவிருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். டல்லின் படத்தைக் காட்டுங்கள். அதற்கு முன் அந்த விண்ணப்பப் படிவத்தின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். பெமண்ட் எழுதிய விடையையும் கிளெமெட்சன் எழுதிய விடையையும் அதன்கீழ் எழுதுங்கள். நான்கு பவுண்டு உச்சவரம்பைச் சொல்லுங்கள். டாரண்டோவுக்கு ஒரு வகுப்பு முழுவதும் ஒதுக்குங்கள். ஜாய்ன்சன்-ஹிக்ஸின் 1914ஐயும் 1925ஐயும் மாணவர்களையே ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பதக்கம் பற்றிய கேள்வி அவர்களிடமிருந்தே எழும், எழுந்தால் விவாதிக்கட்டும்.

மறுப்புள்ளவர்கள் சான்றோடு எழுதுக. படத்தை மட்டும் ஒட்டி, கைகூப்பும் குறி இட்டுச் செல்வோருக்கு நான் விடையளிப்பதாக இல்லை.